தங்கைக்காக எழுந்த மருத்துவமனை

ஒருவரை உயர்ந்தவராக ஆக்குவது ஏட்டுக் கல்வி மட்டுமன்று. பெற்றோரும் உடன்பிறந்தோரும் நம் உள்ளத்தில் ஊன்றும் அன்பும் நம்மை உருவாக்குகின்றது. இதற்குச் சான்றாக வாழ்ந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

அம்மையார் 30.7.1886இல் தமிழகத்தின் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி, கல்லூரி முதல்வர், தாயார் சந்திரம்மாள். பருவமடைந்த பெண்கள் வீட்டை விட்டு வெளியேறாத காலம் அது. ஆயினும், தந்தையார் மகளுக்கு வீட்டிலேயே பாடம் கற்பித்தார். பின்னர், ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் மன்னரின் ஆதரவால் அவர் இடம் பெற்றார். ஊரார் எதிர்த்தனர், தந்தையார் தளரவில்லை. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

தாயார் தேவதாசி மரபில் பிறந்தவர். அம்மரபுப் பெண்கள் பட்ட இன்னலை அம்மையார் இளமையிலேயே அறிந்திருந்தார். 1927இல் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவரானபின், சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லத்தைத் தொடங்கினார். அவ்வழக்கத்தை முற்றாகத் தடுக்கும் சட்டம் 1947இல் நிறைவேறியது.

எனினும், அவர் நெஞ்சை ஆழமாகப் புண்படுத்தியது தம் அன்புத் தங்கையின் மரணமேயாகும். தங்கைக்கு வந்தது புற்றுநோய். முதலில் அது சாதாரண வயிற்றுக்கடுப்பு என்றே கருதப்பட்டது. உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. தாம் மருத்துவராய் இருந்தும், கண்ணெதிரே வாடிய தங்கையை அவரால் காப்பாற்ற இயலவில்லை.

அம்மையார் அழுது ஓய்ந்துவிடவில்லை. 1925இல் இங்கிலாந்து சென்று மேற்பயிற்சி பெற்றார். புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று 1935இல் பொதுமேடையில் வலியுறுத்தினார். அந்நோய்க்கு மருந்தே இல்லை என்று பலர் எண்ணிய காலத்தில் ஆதரவு எளிதில் கிட்டவில்லை. அவர் சோர்வின்றிப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை திறக்கப்பட்டது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் அன்னையின் பணியில் தோள்கொடுத்தார். 1968இல் அம்மையார் மறைந்தார். அம்மருத்துவமனையோ வளர்ந்து, இன்றளவும் ஏழை எளியோர் உயிரைக் காத்து வருகிறது.

தந்தை தந்த ஊக்கம், தாயின் துயரம், தங்கையின் பிரிவு ஆகிய மூன்றுமே அம்மையாரை ஆக்கின. தமக்கையர் தங்கையர்க்குப் பாடம் சொல்லித் தருவதையும், பால்மரத் தோட்டத்திற்குச் சென்ற அன்னை திரும்பும்வரை தம்பியைப் பார்த்துக்கொள்வதையும் நாம் அறிவோம். அவ்வன்பு சிறிதன்று, அதுவே நாளைய தொண்டுக்கு வித்தாகும். பெற்றோர்களே! பெண்மக்களின் படிப்பை இடையில் நிறுத்தாதீர். நோய் நீடித்தால் நாட்டு மருந்தோடு நின்றுவிடாமல், காலத்தே மருத்துவரை நாடுவீர். வீட்டில் பிறக்கும் அன்பு நாட்டிற்கும் பயன்படுமாறு வாழ்வோமாக!