குரோமோசோம்களை எண்ணிய ஜானகி அம்மாள்

கேரளத்தின் வடபகுதியில் உள்ள தலச்சேரியில் 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் ஜானகி அம்மாள் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணன் துணை நீதிபதியாகப் பணியாற்றியவர். செடிகொடிகளிலும் பறவைகளிலும் பெருவிருப்பம் உடையவர். அவ்விருப்பம் மகளுக்கும் வாய்த்தது. பெண்கள் பள்ளி செல்வதே அரிதாக இருந்த அந்நாளில், ஜானகி திருமணத்தை விரும்பாமல் கல்வியைத் தேர்ந்துகொண்டார். சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1921ஆம் ஆண்டு தாவரவியலில் பட்டம் பெற்றார். பின்னர் உதவித்தொகை பெற்றுக் கடல் கடந்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். 1931ஆம் ஆண்டு அப்பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது.

செல்லினுள் இருக்கும் குரோமோசோம்களை ஆராய்வதே அவர் தேர்ந்த துறை. குரோமோசோம்கள் நுண்ணிய இழைகள் போன்றவை. பெற்றோரின் பண்புகளைப் பிள்ளைகளிடம் சேர்ப்பவை அவையே. ஒவ்வோர் உயிரினத்திற்கும் அவற்றின் எண்ணிக்கை உண்டு. மக்காச்சோளச் செடியின் இலையிலும் தண்டிலும் உள்ள செல் ஒன்றில் 20 குரோமோசோம்கள் இருக்கும். அவை 10 இணைகளாக அமைந்தவை. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாய்வழி வந்தது. மற்றொன்று தந்தைவழி வந்தது. இவ்வாறு இரண்டு தொகுதிகளைக் கொண்ட செல் இருமடியச் செல் எனப்படும்.

மகரந்தத்தில் உருவாகும் ஆண் செல்லிலும் சூலில் உள்ள முட்டைச் செல்லிலும் 10 குரோமோசோம்களே இருக்கும். ஒரே ஒரு தொகுதியை உடைய இச்செல் ஒருமடியச் செல் எனப்படும். இரண்டும் இணையும்போது பத்தும் பத்தும் சேர்ந்து மீண்டும் இருபதாகிறது. மனிதரிடமும் இதே முறைதான். உடல் செல்லில் 46. கருமுட்டையிலும் விந்தணுவிலும் 23. இவ்வாறு பாதியாகக் குறையாவிட்டால், தலைமுறைதோறும் குரோமோசோம்கள் இருமடங்காகப் பெருகிக்கொண்டே போகும்.

இவ்வறிவு உழவருக்குப் பயன்படும் களம் ஒன்று கோயம்புத்தூரில் காத்திருந்தது. அங்குள்ள கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் 1934ஆம் ஆண்டு ஜானகி அம்மாள் பணியில் சேர்ந்தார். சாறு மிகுந்த தடித்த கரும்பு இனிப்பானது. ஆனால் வட இந்தியக் குளிரையும் நோயையும் தாங்காது. நாணல் போன்ற காட்டுக்கரும்பு வலிமையானது, ஆனால் இனிப்பற்றது. இரண்டின் நற்பண்புகளையும் ஒரே பயிரில் சேர்ப்பதே அந்நிலையத்தின் நோக்கம். அதற்குக் குரோமோசோம்களின் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

கரும்பின் கணக்கோ எளிதன்று. தடித்த கரும்பின் செல்லில் 80 குரோமோசோம்கள்; அவை எட்டுத் தொகுதிகளாக அமைந்தவை. இத்தகைய செடிகளைப் பன்மடியச் செடிகள் என்பர். கோயம்புத்தூர்க் காட்டுக்கரும்பில் இருப்பவை 64. இரண்டையும் கலந்தால், பாதிக்குப் பாதியாக 40உம் 32உம் சேர்ந்து 72 வர வேண்டும். ஆனால் அக்கலப்பில் பிறந்த புகழ்பெற்ற கரும்பு வகை ஒன்றில் இருப்பவை 112! தாய்க்கரும்பு தன் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்காமல் எண்பதையும் அப்படியே கொடுத்துவிட்டது. இத்தகைய புதிர் நிறைந்த பயிரைத்தான் ஜானகி அம்மாள் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். கரும்பை மக்காச்சோளத்துடனும் கலந்து புதுச்செடி உருவாக்கி, அதன் விவரத்தை 1938ஆம் ஆண்டு வெளியிட்டார்.

எனினும் அவர் பணிச்சூழல் இனிதாக அமையவில்லை. பெண், தனித்து வாழ்பவர், தாழ்ந்ததாகக் கருதப்பட்ட சாதியில் பிறந்தவர் என்னும் காரணங்களால், உடன் பணியாற்றியோரிடையே அவருக்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை. அவர் மனம் தளரவில்லை, இங்கிலாந்து சென்றார். இரண்டாம் உலகப் போரில் இலண்டன் மீது குண்டுகள் விழுந்த காலத்திலும் ஜான் இன்னஸ் ஆய்வு நிலையத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து, டார்லிங்டன் என்னும் அறிஞருடன் இணைந்து 1945ஆம் ஆண்டு ஒரு பெருநூலை வெளியிட்டார்.

அதன்பின் விஸ்லி தோட்டத்தில் பணியாற்றினார். கோல்கிசின் என்னும் மருந்து, செல் பிரியும்போது குரோமோசோம்கள் இரு பக்கமும் விலகிச் செல்வதைத் தடுக்கும். அதனால் அவற்றின் எண்ணிக்கை இருமடங்காகும். மக்னோலியா நாற்றுகளுக்கு அம்மருந்தை இட்டு அவர் ஆய்வு செய்தார். அவற்றுள் வெண்ணிற மலர் தரும் ஒரு வகை இன்றும் ஜானகி அம்மாள் என்றே அழைக்கப்படுகிறது.

1951ஆம் ஆண்டு பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார். 1977ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். முதுமையில் சென்னையை அடுத்த மதுரவாயலில் ஆய்வு செய்துவந்தார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை அணைநீரில் மூழ்கடிக்கும் திட்டம் வந்தபோது, எண்பது வயதைக் கடந்த நிலையிலும் அதனை எதிர்த்தார். பயிர்களை மேம்படுத்த உதவும் பண்புகள் காட்டுச்செடிகளில்தான் மறைந்துள்ளன என்பதைக் கரும்பு அவருக்கு முன்பே காட்டியிருந்தது.

1984ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் அவர் மறைந்தார். அதே ஆண்டில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

சொற்பொருள்
இணை – சோடி
ஒருமடியம் – ஒரு தொகுதி குரோமோசோம் உடைய நிலை
இருமடியம் – இரு தொகுதி குரோமோசோம் உடைய நிலை
தாயகம் – தாய்நாடு

விடை எழுதுக
1. ஒருமடியச் செல்லுக்கும் இருமடியச் செல்லுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. வெங்காயத்தின் உடல் செல்லில் 16 குரோமோசோம்கள் உள்ளன. அதன் முட்டைச் செல்லில் எத்தனை இருக்கும்?
3. காட்டுக்கரும்பைத் தடித்த கரும்புடன் கலந்தது ஏன்?
4. ஜானகி அம்மாள் எதிர்கொண்ட தடைகள் யாவை? அவற்றை எவ்வாறு கடந்தார்?