இறங்கிய கழுகு

எழுத்து என்றதும் அகரம் முதலாக வரிசையாய் நிற்கும் எழுத்துகளே நம் நினைவுக்கு வருகின்றன. மெக்சிகோ நாட்டின் அஸ்தெக் மக்களோ, தம் நகுவாத்தல் மொழிப் பெயர்களைச் சித்திரங்களால் எழுதினர். அவர்களுடைய இறுதிப் பேரரசர் குவாவுத்தேமோக்கின் வரலாற்றை அவருடைய பெயரிலிருந்தே தொடங்குவோம்.

‘குவாவுத்லி’ என்றால் கழுகு; ‘தேமோக்’ என்றால் இறங்கியது. ஆகவே கீழ்நோக்கிப் பாயும் கழுகே அவர் பெயர்ச்சின்னம். ஓவியத்தில் மனிதரின் தலையருகே சின்னத்தை வரைந்து, மெல்லிய கோட்டால் இணைப்பர். அவருடைய முன்னோர் இட்ஸ்கோவாத்தலின் பெயரை எரிமலைக் கண்ணாடிக் கல்லும் பாம்பும் காட்டும். அதையே ஒலியாலும் எழுதினர்: கல்லின் ‘இட்ஸ்’, பானையின் ‘கோ’, தண்ணீரின் ‘ஆ’ ஆகிய ஒலிகள் சேர்ந்து பெயராகும். என்னே அவர்தம் நுண்ணறிவு!

மன்னர் அவிட்சோத்தலின் மைந்தரான குவாவுத்தேமோக், இளம் வயதிலேயே முடிசூடினார். அதற்குமுன் ஆண்ட குயித்லாவாக் 1520-இல் பெரியம்மைக்குப் பலியானார். ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸ், அஸ்தெக்குகளின் பகைவர் பலரையும் துணைக்கொண்டு தலைநகர் தெனோச்தித்லானை முற்றுகையிட்டார். நன்னீர் நின்றது; உணவு அற்றது; நோய் பரவியது. ஆயினும் மன்னர் பணியவில்லை. தலத்தெலோல்கோ பகுதியில் இறுதிவரை போர் நடந்தது. 1521 ஆகஸ்ட் 13-ஆம் நாள், ஏரியில் படகில் சென்ற அவர் பிடிபட்டார்.

பொன் எங்கே என்று கேட்டு, வென்றவர்கள் அவருடைய பாதங்களைத் தீயால் வாட்டினர். 1525-இல் ஹோண்டுராஸ் பயணத்தின்போது, சதி செய்தார் என்ற சந்தேகத்தால் அவரைத் தூக்கிலிட்டனர். சிலுவைக் கொடியின்கீழ் வந்தவர்களே இதைச் செய்தனர் என்பதை நாம் மறைத்தலாகாது.

ஆனால் அவர் போரிட்ட அதே தலத்தெலோல்கோவில் 1536-இல் பிரான்சிஸ்கன் துறவியர் திருச்சிலுவைக் கல்லூரியைத் திறந்தனர். அங்கே கற்ற உள்நாட்டு மாணவர்களின் துணையோடு, துறவி பெர்னார்தினோ தெ சகாகுன் அம்மக்களின் வாழ்வைப் பன்னிரண்டு நூல்களாகத் தொகுத்தார். பன்னிரண்டாம் நூல், தோற்றவர்களின் மொழியிலேயே அந்தப் போரைக் கூறுகிறது. இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் அந்த ஏடுகள் இன்றும் உள்ளன.

அன்பு மாணவியரே, வாள் ஓர் அரசரை வீழ்த்தியது. தூரிகையும் இறகுப்பேனாவும் அவர் மக்களின் சொல்லைக் காத்தன. கல்வி கற்கும் நாமும், எளியோரின் பெயர் மறையாமல் காக்கும் கைகளாவோமாக!