ஒரே கணக்கு, மூன்று விடை: 'லிமிட்'டுக்கு இலக்கணம் எழுதிய கோஷி யார்?

உங்க லேப்டாப்பில் பைத்தான் இருக்கா? அதில் சிம்பை என்ற இலவச கணித மென்பொருளைத் திறந்து, 'இ பவர் மைனஸ் ஒன் பை இசட் ஸ்கொயர்' என்ற சார்பைக் கொடுங்கள். இசட் பூஜ்யத்தை நெருங்கும்போது லிமிட், அதாவது எல்லை மதிப்பு, என்ன என்று கேளுங்கள். பூஜ்யம் என்று பட்டென்று சொல்லிவிடும். இசட் சாதாரண மெய் எண் என்றால் அது சரிதான். ஆனால் இசட் ஒரு கலப்பெண் என்றால்? அந்தச் சார்புக்கு அங்கே எல்லையே கிடையாது.

மென்பொருள் எங்கே சறுக்குகிறது என்று தெரிய, லிமிட் என்றால் என்ன என்பதைக் கறாராக எழுதிவைத்த மனிதரிடம் போகணும். இன்ஜினீயரிங் கணிதத்தில் 'கோஷி தேற்றம்', 'கோஷி-ரீமான் சமன்பாடு' என்று மனப்பாடம் செய்தோமே, அதே அகஸ்டின் லூயி கோஷிதான்.

புரட்சிக்கு நடுவே ஒரு பிள்ளை

கோஷி பிறந்தது 1789 ஆகஸ்ட் 21, பாரிஸில். பாஸ்டில் சிறை தகர்க்கப்பட்டு ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. அப்பா முடியாட்சியின் போலீஸ் நிர்வாகத்தில் அதிகாரி. தலை தப்ப வேண்டுமே என்று குடும்பத்தோடு ஆர்க்கேய் கிராமத்துக்குப் போய்விட்டார். அங்கே சாப்பாட்டுக்கே திண்டாட்டம். மன்னராட்சி மீதும் கத்தோலிக்க மதத்தின் மீதும் கோஷிக்குக் கடைசிவரை இருந்த பிடிவாதமான பற்றுக்கு இந்தக் குழந்தைப் பருவமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிறகு அப்பாவுக்கு மேலவையில் செயலாளர் வேலை கிடைத்தது. அந்தக் காலத்தின் பெரிய கணித மேதைகளான லக்ராஞ்சும் லாப்லாஸும் குடும்ப நண்பர்கள் ஆனார்கள். பையனின் திறமையைப் பார்த்த லக்ராஞ்ச், இவனை அவசரப்பட்டுக் கணக்கில் இறக்காதீர்கள், முதலில் மொழியும் இலக்கியமும் படிக்கட்டும் என்று அப்பாவுக்கு யோசனை சொன்னாராம். அதே பையன் பின்னாளில் லக்ராஞ்சின் கனவுத் திட்டத்தையே உடைக்கப் போகிறான் என்பது அப்போது யாருக்குத் தெரியும்!

படித்தது சிவில் இன்ஜினீயரிங். 1810-ல் ஷெர்பூர் துறைமுகக் கட்டுமானத்தில் வேலை. மூட்டையில் லாப்லாஸ், லக்ராஞ்ச் புத்தகங்கள். பகல் முழுக்கத் துறைமுகம், மிச்ச நேரத்தில் கணிதம் என்று உடம்பைக் கெடுத்துக்கொண்டு 1812-ல் பாரிஸ் திரும்பினார். 1816-ல் அறிவியல் அகாடமியில் இடம் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பது அவ்வளவு அழகான கதை இல்லை. மன்னராட்சி திரும்பியதும் மோன்ஜ் போன்ற மூத்தவர்களை அரசியல் காரணத்துக்காக நீக்கினார்கள். காலியான இடத்தில் கோஷியை அரசே நியமித்தது. அவரும் தயங்காமல் ஏற்றுக்கொண்டார்.

'நெருங்குது' என்றால் என்ன அர்த்தம்?

அதுவரை நுண்கணிதம் நம்பிக்கையில் ஓடிக்கொண்டிருந்தது. விடை சரியாக வரும், ஏன் வருகிறது என்று கேட்டால் தெளிவான பதில் இருக்காது. எகோல் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்த கோஷி, 1821-ல் வெளியிட்ட பாடநூலில் லிமிட்டையே அடித்தளமாக வைத்தார். ஒரு மாறி எடுக்கும் மதிப்புகள் ஒரு நிலையான எண்ணுக்கு, நாம் எவ்வளவு சின்ன இடைவெளி கேட்டாலும் அதைவிடக் கிட்டே போக வேண்டும். அப்போதுதான் அந்த எண் லிமிட். தொடர்ச்சி, வகையீடு, தொகையீடு எல்லாத்தையும் இதிலிருந்தே கட்டினார். இன்ஜினீயர் ஆக வந்த பசங்களுக்கு இவ்வளவு எதற்கு என்று மாணவர்களும் நிர்வாகமும் முணுமுணுத்தார்கள்.

நாம் ஆரம்பத்தில் பார்த்த சார்பை 1820களில் கோஷிதான் மெய் எண்களில் உதாரணமாகக் காட்டினார். பூஜ்யத்தில் அதன் மதிப்பைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால், அங்கே அதன் எல்லா வகைக்கெழுவும் பூஜ்யம். எனவே டெய்லர் தொடர் எழுதினால் வெறும் பூஜ்யங்கள்தான் மிஞ்சும். ஆனால் சார்பு பூஜ்யம் அல்லவே! நுண்கணிதம் முழுவதையும் அடுக்குத் தொடர்களின் மேல் கட்டலாம் என்று நினைத்த லக்ராஞ்சின் திட்டம் இந்த ஒரு உதாரணத்தில் ஆட்டம் கண்டது.

இனி கலப்பெண்ணுக்கு வருவோம். எண்கோட்டில் ஒரு புள்ளியை இடமிருந்து நெருங்கலாம், வலமிருந்து நெருங்கலாம், அவ்ளோதான். கலப்பெண்கள் இருப்பது கோட்டில் இல்லை, ஒரு தளத்தில். மைதானத்து நடுவில் நட்ட கம்பத்துக்கு எந்தத் திசையிலிருந்தும் நடந்து வரலாம், வளைந்தும் வரலாம். எல்லா வழியிலும் ஒரே விடை வந்தால்தான் லிமிட் உண்டு. நம்ம சார்பை மெய் அச்சில் நெருங்கினால் பூஜ்யம். கற்பனை அச்சில் வந்தால் இசட் ஸ்கொயரின் குறி மாறிவிடும், மைனஸும் மைனஸும் சேர்ந்து ப்ளஸ் ஆகும், மதிப்பு முடிவிலிக்கு எகிறும். 45 டிகிரி கோட்டில் வந்தாலோ எங்கேயும் போய்ச் சேராது. அளவு ஒன்றாகவே இருக்க, வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சிம்பை ஏன் இதைச் சொல்லவில்லை? அது பயன்படுத்தும் முறை டொமினிக் க்ரண்ட்ஸ் 1996-ல் சூரிச்சில் தன் முனைவர் ஆய்வில் தந்தது. எந்தக் கேள்வியையும், ஒரு மெய் எண் ப்ளஸ் முடிவிலியை நோக்கிப் போகிறது என்று மாற்றிக்கொண்டுதான் அது வேலையைத் தொடங்கும். அதாவது ஒரே பாதை. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் வலப்பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கும். மேதமேட்டிகாவிலும் மேப்பிளிலும் எல்லாக் கலப்புத் திசைகளிலும் பார் என்று தனியாகக் கேட்க வசதி உண்டு, கேட்டால்தான் பார்க்கும். சிம்பையில் நாமே இசட்டுக்குப் பதிலாக 'தூரம், கோணம்' வடிவத்தைப் போட்டு, தூரத்தைப் பூஜ்யமாக்கிப் பார்க்கலாம். விடையில் கோணம் மிச்சம் இருந்தால் லிமிட் இல்லை. மிச்சம் இல்லாவிட்டாலும் நிம்மதி அடையாதீர்கள். எல்லா நேர்கோட்டிலும் பூஜ்யம் தந்துவிட்டு, பரவளையத்தில் வந்தால் மட்டும் அரை என்று சொல்லும் சார்புகளும் இருக்கின்றன.

இந்தப் பாதை விஷயத்தைத்தான் 1825-ல் கோஷி தொகையீட்டுக்குக் கொண்டுபோனார். இரண்டு கலப்பெண்களுக்கு நடுவே எந்த வழியில் தொகையிட்டாலும், வழியில் சிக்கலான புள்ளி இல்லை என்றால், விடை ஒன்றே. நாம் படித்த கோஷி தேற்றத்தின் விதை அதுதான்.

மேஜையில் கிடந்த கட்டுரை

1826-ல் நார்வேயிலிருந்து ஏபெல் என்ற ஏழை இளைஞர் பாரிஸ் வந்து அகாடமியிடம் ஒரு கட்டுரை கொடுத்தார். மதிப்பிட வேண்டியவர்கள் லெஜான்டரும் கோஷியும். கோஷி அதை எங்கோ வைத்துவிட்டு, தன் ஆய்வுகளில் மூழ்கிவிட்டார். ஏபெல் காத்திருந்து காத்திருந்து ஊர் திரும்பினார். 1829 ஏப்ரலில் காசநோயால் இறந்தார், வயது 26. அதன் பிறகுதான் கட்டுரை கோஷியின் கைக்கு மறுபடி வந்தது. அச்சில் வந்தது 1841-ல். கோஷியின் கணிதத்தை எவ்வளவு மெச்சினாலும் இந்த இடத்தில் அவருக்காக வாதாட எனக்கு மனசு வரவில்லை.

இத்தனைக்கும் அதே 1826-ல் கோஷியின் பாடநூலில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தவரும் ஏபெல்தான். தொடர்ச்சியான சார்புகளை முடிவில்லாமல் கூட்டினால் வரும் தொகையும் தொடர்ச்சியாகவே இருக்கும் என்று கோஷி எழுதியிருந்தார். இரண்டு லிமிட்டுகளை யோசிக்காமல் இடம் மாற்றுவதால் வரும் தப்பு இது. ஒரு சைன் தொடரைக் காட்டி, இது பொருந்தவில்லையே என்றார் ஏபெல்.

1830 புரட்சியில் மன்னர் பத்தாம் சார்லஸ் ஓடினார். புதிய அரசுக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க கோஷி மறுத்தார். வேலை போச்சு. மனைவியையும் இரண்டு மகள்களையும் விட்டு நாட்டைவிட்டே கிளம்பினார். டூரினில் கொஞ்ச காலம் பாடம் எடுத்தார். 1833-ல் பிராகாவில், நாடு கடந்த மன்னரின் பேரனுக்கு வீட்டு வாத்தியார். அந்தப் பையனுக்குக் கணக்கு என்றாலே வேப்பங்காய். 1838-ல் பாரிஸ் திரும்பினார். அகாடமியில் உறுதிமொழி கேட்கவில்லை, அதனால் அங்கே இடம் இருந்தது. பேராசிரியர் பதவிதான் கிடைக்கவில்லை. 1848-ல் உறுதிமொழியே ஒழிந்த பிறகுதான் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது.

1853-ல், வயது 60-ஐத் தாண்டிய கோஷி அந்தப் பழைய தேற்றத்தை மறுபடி எடுத்து, விட்டுப்போன நிபந்தனையைச் சேர்த்தார். ஏபெல் இறந்து 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1857 மே 23 அன்று பாரிஸ் அருகே சோ என்ற ஊரில் கோஷி காலமானார். அவர் எழுதிய கட்டுரைகள் 789. 1882-ல் அவற்றைத் தொகுத்து அச்சிட ஆரம்பித்தார்கள். 27 தொகுதிகள் முடிய 1970கள் ஆகிவிட்டது.