ஷெர்லாக் ஹோம்ஸை 'கொன்ற' டாக்டர்... யார் இந்த ஆர்தர் கோனன் டாயில்?

துப்பறியும் கதை என்றதும் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது ஷெர்லாக் ஹோம்ஸ்தான். ஆனால், அவரை உருவாக்கிய ஆர்தர் கோனன் டாயிலே ஒருகட்டத்தில் ஹோம்ஸிடமிருந்து தப்பிக்கப் பார்த்தார்!

1859-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்த டாயில், அங்கேயே மருத்துவம் படித்தார். நோயாளியைப் பார்த்ததுமே அவர் என்ன வேலை செய்கிறார் எனச் சொல்லிவிடும் பேராசிரியர் ஜோசப் பெல்தான் ஹோம்ஸுக்கு இன்ஸ்பிரேஷன்.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் கிளினிக் திறந்தார். கூட்டம் வரவில்லை, கையில் நேரம் இருந்தது. எழுதினார். முதல் ஹோம்ஸ் நாவலான 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' 1887-ல் வெளியானது. மொத்த உரிமைக்கும் கிடைத்தது வெறும் 25 பவுண்டு.

1891-ல் 'ஸ்ட்ராண்ட்' இதழில் ஹோம்ஸ் சிறுகதைகள் வரத் தொடங்கின. செம ஹிட்! டாயிலுக்கோ சரித்திர நாவலாசிரியராகப் பெயர் வாங்கத்தான் ஆசை. 1893-ல் சுவிட்சர்லாந்தின் ரைகன்பாக் அருவியில் ஹோம்ஸின் கதையை முடித்துவிட்டார். வாசகர்கள் கொதித்தார்கள். பத்து வருடம் தாக்குப்பிடித்தார். 1903-ல் ஹோம்ஸ் உயிரோடு திரும்பினார்.

1930-ல் டாயில் மறைந்தார். அவர் பெரிதாக நினைத்த சரித்திர நாவல்களை இன்று தேடிப் படிப்பவர்கள் குறைவு. விட்டுத்தள்ள நினைத்த ஹோம்ஸோ 4 நாவல்கள், 56 சிறுகதைகளில் இன்னும் வாழ்கிறார்.

புதிதாகப் படிக்கப் போறீங்களா? 12 கதைகள் கொண்ட 'தி அட்வெஞ்சர்ஸ் ஆஃப் ஷெர்லாக் ஹோம்ஸ்' தொகுப்பில் ஆரம்பிங்க.