டைட்டானியத்தை வசப்படுத்திய குரோல்

டைட்டானியம் தயாரிப்பு என்று பரீட்சையில் கேட்டால், குரோல் முறை என்று தலைப்புப் போட்டு, படம் வரைந்து மார்க் வாங்கிடறோம். அந்தக் குரோல் யாருன்னு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நான் தெரிந்துகொண்டதை நண்பர்களுக்குச் சொல்கிறேன்.

வில்லியம் குரோல் 1889-ல், ஐரோப்பாவின் சின்னஞ்சிறு நாடான லக்ஸம்பர்க்கில் பிறந்தார். பெர்லினில் உலோகவியல் படித்தார். 1923-ல் தாய்நாட்டில் சொந்தமாக ஒரு ஆய்வுக்கூடம் அமைத்தார்.

டைட்டானியம் பூமியில் நிறையவே இருக்கு. பிரித்தெடுப்பதுதான் பெரும்பாடு! சூடாக இருக்கும்போது காற்றிலுள்ள ஆக்ஸிஜனையும் நைட்ரஜனையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் தட்டினால் உடைஞ்சு போகும். குரோல் என்ன செய்தார்? ஆர்கான் வாயு நிரப்பிய மூடிய கலனில், டைட்டானியம் டெட்ராகுளோரைடை உருகிய மெக்னீசியத்தோடு சேர்த்தார். குளோரினை மெக்னீசியம் பிடித்துக்கொண்டது. டைட்டானியம் பஞ்சு மாதிரி தங்கியது.

1938-ல் மாதிரிகளோடு அமெரிக்கா போய்க் கம்பெனிகளிடம் காட்டினார். யாரும் அக்கறை காட்டலை. 1940-ல் ஜெர்மன் படை லக்ஸம்பர்க்கில் நுழையும் முன்பே அமெரிக்காவில் குடியேறினார். அங்கே கிடைத்த பேட்டண்டையும் போர்க்காலத்தில் அந்நியர் சொத்து என்று அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மனுஷன் சோர்ந்து உட்காரலை. 1945 முதல் ஆரிகன் மாநிலம் ஆல்பனியில், அரசுச் சுரங்கத்துறை ஆய்வுக்கூடத்தில் சிர்கோனியத்துக்கும் வழி கண்டார். 1948-ல் டூபான்ட் கம்பெனி இவர் முறையில் டைட்டானியத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1973-ல் பிரஸ்ஸல்ஸில் குரோல் காலமானார்.

விமானத்துக்குப் போன உலோகம் பிறகு மனித உடம்புக்குள்ளும் வந்தது. 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வெனேடியம் கலந்த டைட்டானியம் இடுப்பு மூட்டில் தண்டாகிறது. விறைப்பு எஃகில் சுமார் பாதிதான். அதனால் பாரம் முழுவதையும் தானே தாங்கி எலும்பை மெலிய வைக்கும் தொல்லை குறைகிறது. வெனேடியம் உடம்புக்கு ஆகாதோ என்ற சந்தேகத்தால், அதற்குப் பதில் நியோபியம் சேர்த்த கலவையும் வந்தது.

இதில் ஒரு வேடிக்கை பாருங்க. உலையில் குரோல் விரட்டிய அதே ஆக்ஸிஜன்தான், ஆறிய உலோகத்தின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, ரத்தத்திலுள்ள உப்பு அரிக்காமல் காக்கிறது!

நண்பர்களே, அலாய் என்றதும் எதைச் சேர்க்கலாம் என்றுதான் நமக்குத் தோணும். எதை, எப்போது சேரவிடக் கூடாது என்பதும் டிசைன்தான். அதைக் காட்டியவர் குரோல்.