புதுமைப்பித்தனிடம் கற்ற பாடம்



சென்ற பருவத்தில் எங்கள் வகுப்பில் கதை இலக்கியத்தின் உறுப்புக்களைப் பற்றிப் பாடம் நடந்தது. கரு, கதைப்பின்னல், பாத்திரம், சூழல், நோக்குநிலை என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதினார். நானும் ஏட்டில் எழுதிக்கொண்டேன்; தேர்வில் மதிப்பெண்ணும் கிடைத்தது. ஆனால் அவை இன்னவை என்று எனக்கு விளங்கியது விடுதி அறையில் புதுமைப்பித்தனைப் படித்தபோதுதான். நாம் படிக்க வந்திருக்கும் இதே புனே நகரில்தான் அவர் நோயோடு போராடினார் என்பதை அப்போது நான் அறியேன்.

சொ. விருத்தாசலம் என்பது அவர் இயற்பெயர். 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். தந்தையார் அரசாங்க உத்தியோகஸ்தர். திருநெல்வேலியில் படித்து 1931இல் பி.ஏ. தேறினார். அரசாங்க உத்தியோகம் என்ற நிழலில் ஒதுங்காமல், எழுதிப் பிழைக்கச் சென்னைக்கு வந்தார். (எழுதிப் பிழைப்பதாவது! வீட்டில் இதைச் சொன்னால் நம்மில் எத்தனை பேருக்குச் சோறு கிடைக்கும்?) 1934 முதல் 'மணிக்கொடி'யில் அவர் கதைகள் வந்தன. பிறகு 'தினமணி'யில் உதவியாசிரியர் வேலை. பகலெல்லாம் செய்தி மொழிபெயர்ப்பு. கிடைத்த நேரத்தில் கதை. அப்படியே நூறு கதைகள் வரை எழுதிவிட்டார்.

கதைப்பின்னல் என்றால் நிகழ்ச்சிகளை வரிசையாக அடுக்குவது என்றே எண்ணியிருந்தேன். 'செல்லம்மாள்' கதையோ மனைவியின் சாவில் தொடங்குகிறது. முடிவை முதலிலேயே சொன்ன பிறகு படிப்பானேன்? ஆயினும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. பிழைப்பாளா என்ற கேள்வி போய்விடுகிறது; ஜவுளிக் கடைச் சிப்பந்தியான பிரமநாயகம் பிள்ளை அவளோடு எப்படி வாழ்ந்தார் என்ற கேள்வியே மிஞ்சுகிறது. பின்னல் என்பது எதை எப்போது சொல்வது என்ற தீர்மானம் என்று அன்றிரவு உணர்ந்தேன்.

சூழலுக்குக் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' போதும். கடவுள் வந்து நிற்பது கைலாயத்தில் அன்று, சென்னைத் தெருமுனையில். ஓட்டலில் காப்பி குடிக்கிறார். வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கட்டுகிறார். தெருவும் காப்பியும் மெய்யாக இருப்பதால் கடவுளையும் நம்பிவிடுகிறோம். நோக்குநிலைக்கு 'மனித யந்திரம்'. கடைப் பணத்தோடு ஓடிவிடத் துணிந்து, மீண்டும் கடைக்கே திரும்புகிற கணக்குப் பிள்ளையின் மனத்துக்குள்ளேயே நம்மை உட்கார வைத்துவிடுகிறார்.

குறையே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. 'பொன்னகர'த்தின் முடிவில் ஆசிரியரே எழுந்து நின்று நம்மை இடித்துரைக்கிறார். குதிரை வண்டிக்காரக் கணவன் அடிபட்டுக் கிடக்க, அவனுக்குப் பால் கஞ்சி வார்க்க அம்மாளு முக்கால் ரூபாய் சம்பாதித்த விதமே போதாதோ? இதைப் பற்றி என் அறைத் தோழருக்கும் எனக்கும் நள்ளிரவு வரை வாக்குவாதம். அந்தக் கோபம்தான் புதுமைப்பித்தன் என்பது அவர் கட்சி. நான் இன்னும் ஒப்பவில்லை.

பத்திரிகை வேலையை விட்டபின் சினிமா அவரை இழுத்தது. சொந்தமாகப் படமெடுக்கும் முயற்சி கைகூடவில்லை. தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி'க்கு வசனம் எழுதப் புனேக்கு வந்தார். காசநோய் முற்றியது இங்கேதான். மனைவி கமலாவும் சிறு மகளும் தொலைவில், கடிதமே துணை. உடல் தளர்ந்து மனைவியின் ஊரான திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தார். 1948ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் அங்கே காலமானார். வயது நாற்பத்திரண்டு. படம் அதே ஆண்டில், அவர் மறைந்த பிறகு வெளிவந்தது.