வேலையும் வீடும் வளர்த்த புனிதர்



புனிதர் என்றதும் துறவிகள், குருக்கள், அருட்சகோதரிகளே பெரும்பாலும் நம் நினைவுக்கு வருகிறார்கள். பிழைப்பையும் பிள்ளைகளையும் சுமக்கிற நமக்கு அது எட்டாத நிலை என்று ஒதுங்கிவிடுகிறோம். சங்கராபுரம் கடைவீதியில் வியாபாரம் செய்பவரும், கல்வராயன் மலையடிவாரத்தில் நிலத்தில் பாடுபடுபவரும், வேலைக்காக வெளியூர் சென்றிருப்பவரும் அறிய வேண்டிய ஒரு வாழ்வு உண்டு. அது நம் தமிழ் மண்ணின் மறைசாட்சி புனித தேவசகாயத்தின் வாழ்வு. அவர் அலுவல் பார்த்தவர், இல்லறம் நடத்தியவர்.

1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நட்டாலத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் பத்மநாபபுரம் அரண்மனைப் பணியில் சேர்ந்தார். பார்கவி அம்மாளை மணந்தார். நல்ல வேலையும் மதிப்பும் இருந்தன. ஆனால் கால்நடைகளும் உடைமைகளும் ஒவ்வொன்றாக அழிய, மனம் உடைந்துபோனார்.

அவரது வாட்டத்தைக் கவனித்தவர், உடன் பணிபுரிந்த டச்சுப் படைத்தலைவர் டிலனாய். 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் மன்னரின் படைக்கே பயிற்சி அளித்தவர் அவர். எல்லாம் இழந்தும் இறைவனை விட்டு விலகாத யோபுவின் வரலாற்றை நண்பருக்கு எடுத்துச் சொன்னார். ஒரு பணியாளர் தம் சக பணியாளரின் முகவாட்டத்தைக் கண்டு நின்று பேசியதில்தான் இந்தப் புனிதரின் பயணம் தொடங்கியது.

1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் இயேசு சபை அருட்தந்தை புத்தாரியிடம் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்பதன் பொருள்படும் தேவசகாயம் என்ற பெயரை ஏற்றார். மனைவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். கணவனும் மனைவியும் ஒரே நம்பிக்கையில் இணைந்தது அவ்வீட்டின் பலம்.

திருமுழுக்குக்குப்பின் அவரது பழக்கவழக்கங்களும் மாறின. உயர்ந்த குலத்தில் பிறந்த அவர், தாழ்த்தப்பட்டிருந்த மக்களோடு கலந்து பழகினார். அவர்களோடு அமர்ந்து உண்டார். அரண்மனையில் பகை மூண்டது. பொய்க் குற்றம் சாட்டப்பட்டு 1749 பிப்ரவரியில் கைது செய்யப்பட்டார். எருக்கம்பூ மாலையிட்டு, எருமை மீது ஏற்றி, ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள், அடித்தார்கள். மறுதலித்திருந்தால் வேலையும் வீடும் திரும்பக் கிடைத்திருக்கும். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அவர் இசையவில்லை. 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அவரது கல்லறை உள்ளது. ஞானப்பூ அம்மாள் கைம்பெண்ணாக வடக்கன்குளத்தில் வாழ்ந்து அங்கேயே மறைந்தார். அவரது அமைதியான சிலுவையையும் நாம் மறக்கலாகாது.

2022 மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அப்போது, சாதியைக் குறிக்கும் பிள்ளை என்ற அடைமொழி அவர் பெயரிலிருந்து விலக்கப்பட்டது. இது நம் மனசாட்சியைத் தொடுகிற செய்தி. ஒரே பலிபீடத்தில் நற்கருணை வாங்கும் நாம், திருமணப் பேச்சு எழும்போதும், பக்கத்துத் தெருவில் சாவு விழும்போதும் சாதி பார்க்கிறோமே! ஒன்றாக அமர்ந்து உண்டதற்காக ஒருவர் பகையைச் சம்பாதித்த மண்ணில், நாம் யாரோடு அமர்ந்து உண்கிறோம்?

அவரது திருநாளான ஜனவரி 14, நம் வீடுகள் பொங்கலுக்குக் கூடும் நேரத்தில் வருகிறது. அன்று கணவனும் மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து செபிப்போம். வேலை செய்யும் இடத்தில் வாடிய முகத்தோடு இருக்கும் ஒருவரிடம் நின்று விசாரிப்போம். நாம் இதுவரை அழைக்காத ஒரு வீட்டாரை நம் பந்திக்கு அழைப்போம். புனித தேவசகாயம் நமக்காக வேண்டுவாராக.